நிரந்தரமாகப் போகிறீர்களா? முதலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்!



மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டால் எல்லோரும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே?" ஒருவன் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. என்பான். இன்னொருவன் கேம்பஸ் இன்டர்வியூ என்பான். மூன்றாவது ஆள், "ஃபாரின் போய் செட்டில் ஆயிடணும்" என்பான். எந்த நாடு, எந்த வழி, என்ன செலவு என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்த "செட்டில்" என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். நம்மைப் போல டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து, வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர பி.இ. முடித்தவர். அவர் மனைவி, குழந்தையோடு நிரந்தரமாகக் கனடா போவதற்கு முயற்சி செய்தபோது படிவங்களைப் படித்துச் சொல்லவும், ஜெராக்ஸ் எடுத்து அடுக்கவும் நான் கூட இருந்தேன். எங்கள் வீட்டில் ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால் தெருவில் யாருக்கு ஒரு படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அப்படித் தெரிந்துகொண்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் இங்கே தருகிறேன். கனடாவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

வேலைக்குப் போவது வேறு, குடியேறுவது வேறு

நம் ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். அங்கே விசா என்பது பெரும்பாலும் வேலையோடு கட்டிய கயிறு. வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். குடும்பம் இங்கேயே இருக்கும், வீடு இங்கேயே இருக்கும்.

நிரந்தரக் குடியிருப்பு, அதாவது பி.ஆர்., அப்படியல்ல. அது கிடைத்தவர் கனடாவில் எந்த ஊரிலும் வசிக்கலாம், எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். குடும்பத்தையும் கூட அழைத்துப் போகலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது. 5 ஆண்டுகளில் குறைந்தது 730 நாள் அந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் அங்கேயே தங்கி, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் வசித்திருந்தால் குடியுரிமை கேட்கலாம். அதுவரை நம் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான்.

மேல்படிப்புக்குப் போவது மூன்றாவது வகை. மாணவர் விசா தற்காலிகமானது. படித்து முடித்தால் பி.ஆர். தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மாணவர்கள் வாழ்க்கைச் செலவுக்கு 10,000 கனேடிய டாலர் காட்டினால் போதும் என்றிருந்த விதியை 2024 ஜனவரி 1 முதல் 20,635 டாலர் ஆக்கினார்கள். வீட்டை அடமானம் வைத்து அனுப்பும் பெற்றோருக்கு இது சின்ன மாற்றமா?

பாயின்ட் கணக்கு

கனடா 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையைக் கொண்டு வந்தது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் பாயின்ட் போட்டு, அதிகம் எடுத்தவர்களை அவ்வப்போது அழைப்பார்கள். மொத்தம் 1,200.

திருமணமாகாத ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 110 பாயின்ட். இதுதான் உச்சம். 30 பிறந்ததும் ஏறக்குறைய வருஷத்துக்கு ஐந்து பாயின்ட் வீதம் குறைந்துகொண்டே வரும். 45 ஆனால் பூஜ்யம்.

மொழியைப் பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 6 எடுத்தால் 68 பாயின்ட். கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால் 124 பாயின்ட். தேர்வும் ஒன்று, கட்டணமும் ஒன்று. வித்தியாசம் மட்டும் 56! தமிழ் வழியில் படித்து வந்த நம்மில் பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். ஆனால் பிறந்த ஆண்டை மாற்ற முடியாது, ஆங்கிலத்தை மாற்ற முடியும். இந்த மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படிப்பில், அந்த நாட்டு அளவுகோலில் இளநிலைப் பட்டத்துக்கு 120, முதுநிலைக்கு 135. நம் படிப்பு அங்கே எதற்குச் சமம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். அது 5 ஆண்டு செல்லும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்கும் நம் டிப்ளமோ, பட்டத்துக்குச் சமமாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அண்ணன் பகுதி நேர பி.இ. படித்ததன் அருமை அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் நம் துறை வேலைக்கு அங்கே இடமே இல்லை என்று எண்ண வேண்டாம். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் டெக்னீஷியன் வேலைகள் திறன் வேலைப் பட்டியலில் இருக்கின்றன.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் பொது அழைப்புகளில் கடைசி ஆளின் பாயின்ட்டே 500-க்கு மேல்தான். அதனால் பலர் மாகாண நியமனம் என்ற வழியில் போகிறார்கள். ஒரு மாகாண அரசு, "இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்" என்று நியமித்தால் 600 பாயின்ட் கூடும். அண்ணனும் அப்படித்தான் போனார். விதிகளும் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும். 2024-க்கு 4,85,000 பேர் என்றிருந்த குடியேற்ற இலக்கை, 2025-க்கு 3,95,000 ஆகக் குறைத்து 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். போன வருஷம் போனவர் சொன்ன கணக்கை இந்த வருஷம் அப்படியே நம்பக் கூடாது.

பெயரும் பிறந்த தேதியும்

இனிதான் முக்கியமான விஷயம். அண்ணனுக்கு ஆங்கிலத் தேர்வு ஒரு மாதத் தயாரிப்பில் முடிந்தது. பெயர்த் தகராறு தீர பத்து மாதம் ஆயிற்று!

நம் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். சிலர் அப்பா பெயரை விரித்து இரண்டாவது கட்டத்தில் போடுவார்கள். சிலர் காலியாக விடுவார்கள். காலியாக விட்டால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும். கனடா படிவத்தில் நம் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். அமெரிக்க விசாவில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று, "முதற்பெயர் தெரியவில்லை" என்ற பொருளில், அச்சிடுவார்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. எனவே பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே யோசித்து முடிவு செய்யுங்கள்.

அண்ணனுக்கு வந்த சிக்கல் வேறு. பள்ளியில் சேர்க்கும்போது தாத்தா போயிருக்கிறார். "அப்பா பேரு என்ன?" என்று கேட்டதும், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிவிட்டார். பதிவேட்டில் அதுவே ஏறியது. இனிஷியலும் அதுவே. பிறப்புச் சான்றிலோ அப்பாவின் நிஜப் பெயர். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு அப்பா! உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, பாஸ்போர்ட் திருத்தம் என்று அலைந்து முடிப்பதற்குள் அண்ணனுக்கு வயது ஒன்று கூடி ஐந்து பாயின்ட் போயிற்று.

பிறந்த தேதியும் அப்படித்தான். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் உண்மையிலேயே கோடையில்தான் பிறந்தார்களா? பள்ளியில் சேர வயது சரியாக இருக்க வேண்டுமே என்று ஆசிரியர் ஒரு தேதி போட்டிருப்பார். அது அன்று செய்த உதவி. ஆனால் பிறப்புச் சான்று ஒரு தேதியும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று வேறு தேதியும் சொன்னால், இவர் யார் என்ற கேள்வி வரும். படித்த குடும்பத்தில் யாராவது ஒருவர் இதைச் சரிபார்த்திருப்பார். நம்மில் பலர் வீட்டில் அப்படிப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றில் திருத்தம் என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுத வேண்டும். டிப்ளமோ சான்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருவது. அந்தச் சான்று அச்சாகும் முன்பே எழுத்துக்கூட்டலைச் சரிபார்ப்பது சுலபம். பிறகு என்றால் அலைச்சல். பெயரையே மாற்ற வேண்டுமானால் எழுதுபொருள் அச்சுத்துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும்.

இன்னொன்று. ஆசையாக ஒரிஜினல் சான்றுகளை லேமினேட் செய்து வைக்காதீர்கள். வெளிநாட்டுக்கு என்று அரசுச் சான்றொப்பம் வாங்கும்போது தாளின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் மேல் எங்கே குத்துவது?

வேலை செய்ததற்குச் சாட்சி

பாயின்ட்டுக்கு அனுபவம் வேண்டும். குறைந்தது ஓராண்டு, அதாவது வாரம் 30 மணி வீதம் 1,560 மணி நேரம், சம்பளத்துக்குச் செய்த திறன் வேலை. அதை நிரூபிக்க, நிறுவனத்தின் லெட்டர் பேடில் ஒரு கடிதம் வேண்டும். என்ன பதவி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன சம்பளம், என்னென்ன வேலை செய்தார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். "நல்ல பையன், ஒழுங்காக வேலை பார்த்தான்" என்ற இரண்டு வரிச் சான்று உதவாது.

அண்ணன் முதலில் இரண்டு வருஷம் ஒரு சின்ன லேத் பட்டறையில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு, வவுச்சரில் கையெழுத்து. பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. பிறகு பட்டறையையே மூடிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் கணக்கில் வரவில்லை. தொழிலைக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பட்டறைதான், ஆனால் காகிதத்தில் அது இல்லவே இல்லை! நாளைக்கு நாம் எங்கே சேர்ந்தாலும் சம்பளத்தை வங்கிக் கணக்கில் கேட்டு வாங்க வேண்டும். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். விலகும்போதே கடிதத்தையும் வாங்கிவிட வேண்டும்.

பணமும் பொய்யும்

அங்கே வேலை ஏற்பாடு ஆகாமல் போகும் பெரும்பாலோர் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தனி ஆளுக்கு 14,690 கனேடிய டாலர். குடும்பம் பெரிதானால் தொகையும் ஏறும். ஒவ்வோர் ஆண்டும் மாற்றுவார்கள். கடன் வாங்கிக் காட்டக் கூடாது. கடைசி ஆறு மாதச் சராசரி இருப்பை வங்கி எழுதித் தர வேண்டும் என்பதால், "ஒரு வாரத்துக்குக் கைமாத்து வாங்கிப் போட்டுடலாம்" என்ற யோசனை செல்லாது. இது தவிர, அவர்கள் அனுமதித்த மருத்துவரிடம் பரிசோதனை, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு.

இங்கேதான் ஏஜென்ட் வருவார். "பணம் காட்டறது, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பார். பொய்த் தாள் வைத்தது தெரிந்தால், தண்டனை ஏஜென்ட்டுக்கு அல்ல, நமக்குத்தான். 5 ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. 2023-இல் போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு போன இந்திய மாணவர்கள் சிலர், கடிதம் போலி என்று பல வருஷம் கழித்துத் தெரிந்து, நாடு கடத்தப்படும் நிலையில் நின்றதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். பணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்பவர், அதற்கென்று 2021-இல் கனடாவில் தொடங்கிய கல்லூரி என்ற அமைப்பில் பதிவு பெற்றவராகவோ, அந்நாட்டு வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். பெயரைக் கேட்டு, அந்தப் பட்டியலில் சரிபார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் என்றால் அவருக்கு இந்திய அரசின் பதிவு எண் வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான்.

காகிதமே இல்லாமல் போனவர்கள்

கனடாவில் தமிழர் பெருமளவில் வாழ்வதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சமூகம் எப்படி உருவானது? 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிருக்குத் தப்பிப் போனவர்களே அதில் பெரும்பாலோர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களுக்குத் தயாராக நேரம் கொடுக்கப்படவில்லை. நமக்கு நேரம் இருக்கிறது. இருந்தும் கடைசி மாதத்தில் ஓடினால் அது யார் தவறு?

புறப்படும் முன்

சூட்கேஸில் என்ன வைப்பது என்பது கடைசிக் கவலை. குளிர் உடுப்பை அங்கே போய் வாங்குவதே நல்லது என்கிறார்கள். வின்னிபெக் போன்ற ஊர்களில் ஜனவரியில் மைனஸ் 20-க்கும் கீழே இறங்குவது சாதாரணம், நம் ஸ்வெட்டர் அதற்குப் பத்தாது. கொண்டு போகும் பொருள், பின்னால் வரப்போகும் பொருள் இரண்டுக்கும் மதிப்போடு பட்டியல் எழுதி இறங்கும்போது கொடுக்க வேண்டும். நகைகளுக்குப் போட்டோவும் ரசீதும் வேண்டும். 10,000 கனேடிய டாலருக்கு மேல் கையில் இருந்தால் சொல்லிவிட வேண்டும். கொண்டு போவது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம்.

இங்கே வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நிலம், வீடு இருந்தால் நம்பகமான ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுத வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் நீக்க வேண்டும். போன உடனே இன்ஜினியர் நாற்காலி கிடைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளவே மாகாண அமைப்பின் உரிமம் வேண்டும். ஒன்டாரியோவில் எலெக்ட்ரீஷியன் வேலைக்கும் சான்றிதழ் கட்டாயம்.

அப்புறம் பெற்றோர். ஒருநாள் அண்ணனின் அப்பா அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதுல திரும்பி வர்ற தேதி எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். அவர் தம்பி சவூதி போனபோது தாளில் இரண்டு வருஷம் என்று இருந்ததாம். இதில் அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பெற்றோருக்கு சூப்பர் விசா என்று ஒன்று உண்டு. 2022 ஜூலை முதல் ஒரு தடவை போனால் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால் மருத்துவக் காப்பீடு, மகனின் வருமானம் எல்லாம் காட்ட வேண்டும். நிரந்தரமாகவே அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் எல்லா ஆண்டும் புதிதாகப் பெயர் எடுப்பதில்லை. எனவே யார் பெற்றோரைப் பார்ப்பது, மருந்துச் செலவு யார் பொறுப்பு என்பதை அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து முன்பே பேசிவிட வேண்டும். எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனாலும் இதற்குப் பதில் எழுதாமல் புறப்படக் கூடாது.

எதைக் கொடுக்கிறோம்?

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அங்கே குடியுரிமை வாங்கிய அன்றே நம் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். பிறகு ஓ.சி.ஐ. அட்டை வாங்கி, விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் ஓட்டு இல்லை. விவசாய நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்க முடியாது. ஊரில் ஓர் ஏக்கர் புஞ்சை வாங்குவதற்காகவே சம்பாதிக்கப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டாமா?

இன்றே செய்யக்கூடியவை

1. பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் வைத்து, பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.
2. பிறப்புச் சான்றில் பெயர் இல்லாமல் வெறும் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று இருந்தால் உடனே பெயர் சேர்க்க மனுக் கொடுங்கள்.
3. டிப்ளமோ சான்றுக்குப் போகும் எழுத்துக்கூட்டலைக் கல்லூரி அலுவலகத்தில் இப்போதே பாருங்கள்.
4. தினமும் அரை மணி ஆங்கிலம் படியுங்கள், பேசுங்கள். கேலிக்குப் பயப்பட வேண்டாம்.
5. எந்தத் தாளையும் ஸ்கேன் செய்து ஓரிடத்தில் வையுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

போவதும் இருப்பதும் அவரவர் விருப்பம். நான் போவேனா என்று கேட்டால், இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் போகாதவருக்கும் இந்த வேலை வீண் போகாது. அரசு வேலைக்கும், வங்கிக் கடனுக்கும், நாளை நம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் இதே தாள்களைத்தான் கேட்பார்கள். விமான டிக்கெட்டுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கலாம். பெட்டியில் இருக்கும் தாளைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை